நான்கு சக்கரத்துக்கும் உப்பு

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு, சாந்தோமில் ரொசாரியோ வீட்டு வாசலில் நின்றவர்கள் ஆறு பேர். வீட்டுக்குப் பெரியவர் ஃபிரெட்ரிக். கோயிலைச் சேர்ந்த பங்குப் பள்ளியில் இருபத்தாறு வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள் நோரா. பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறவள். ஃபிரெட்ரிக்கின் காலமான மனைவியின் தம்பி பவுல்சாமி. பவுல்சாமியின் மனைவி சோஃபியா; மாதா சபையின் செயலாளர். பத்தொன்பது வருடமாக அந்த வீட்டுக்குக் கார் ஓட்டுகிற அசோகன். பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நின்றுவிட்ட எதிர்வீட்டு வேதாந்தம். இவ்வளவுதான். தாங்களும் அங்கே இருந்ததாகப் பிறகு சொன்னவர்கள் பூசைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர்கள். அவர்கள் சாட்சிகள் ஆகமாட்டார்கள்.

நடுவில் நின்றது நோராவின் புது வெள்ளைக் கார். மின்சாரத்தில் ஓடுவது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போயிருந்தார். அவர் முன்னிலையில் கட்டிய சாமந்தி மாலை, இரவெல்லாம் தூறிய மழையில் ஊறிப்போய் முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறரைப் பூசையில் திருவருகை வளையத்தின் முதல் மெழுகுதிரியை ஏற்றுவது ரொசாரியோ குடும்பம். ஃபிரெட்ரிக்கின் தகப்பனார் காலத்திலிருந்து அது மாறவில்லை. கோட்டும் டையும் அணிந்து ஃபிரெட்ரிக் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில் பவுல்சாமியும் சோஃபியாவும். ஓட்டப்போகிறவள் நோரா. அசோகன் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான்.

நோரா பெடலை அழுத்தினாள். கார் ஒரு முறை பின்பக்கமாகக் குந்தி, முனகி, நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். காது கூசுகிற மாதிரி ஒரு சத்தம். முன்சக்கரங்கள் இழுத்தன, பின்சக்கரங்கள் உருளவில்லை. வண்டி ஒரு முழம் தேய்ந்து நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழுந்தன.

வேதாந்தம் குனிந்து ஜன்னல் வழியாகக் கேட்டார். "ஹேண்ட் பிரேக்கை எடுத்தேளோ?"

எடுத்தாகிவிட்டது என்றாள் நோரா. பிரேக் போட்டிருப்பதைக் காட்டுகிற விளக்கும் அணைந்துவிட்டது. பொத்தானை மூன்று தடவை போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தாள். பவுல்சாமி இறங்கித் தள்ளினான். அசோகனும் வேதாந்தமும் தள்ளினார்கள். வண்டி அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

"பெட்ரோல் வண்டின்னா தள்ளியாவது ஸ்டார்ட் பண்ணலாம்" என்றான் பவுல்சாமி. "இதுக்கு என்ன மச்சான், ஜெபமாலை சொல்லணுமா?"

ஃபிரெட்ரிக் இறங்கவில்லை. இறங்கினால் வண்டி ஓடவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நேராகப் பார்த்துக்கொண்டு, முழங்கால்மேல் கையை வைத்தபடி, நகராத காரில் உட்கார்ந்திருந்தார். தெருவில் பூசைக்குப் போகிறவர்கள் நடையை மெதுவாக்கினார்கள். அவரிடம் பிரம்படி பட்டுப் படித்தவர்கள் பலர் அதில் உண்டு. ஒருவன் குட் மார்னிங் சார் என்றான். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

ஆறு இருபத்தைந்துக்குக் கதவைத் திறந்து இறங்கினார். எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். "நேத்து வண்டிய நிறுத்தினது அசோகன்தான்" என்றார்.

அது உண்மை. ஃபிரெட்ரிக் பொய் சொல்லமாட்டார். எழுபத்தெட்டு வருடத்தில் அவர் சொன்ன பொய் ஒன்றை யாராலும் எடுத்துக்காட்ட முடியாது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, இருக்கவும் வேண்டியதுதான்.

அசோகன் தெருமுனைக்கு ஓடிப்போய் ஓர் ஆட்டோவைக் கூட்டிவந்தான். ஃபிரெட்ரிக் கோட்டு கசங்காமல் அதற்குள் குனிந்து ஏறினார். கோயிலுக்குள் நுழைந்தபோது முதல் வாசகம் முடிந்திருந்தது. மெழுகுதிரியைப் பாடகர் குழுவின் டெரன்ஸ் ஏற்றிவிட்டிருந்தார். டெரன்ஸின் குடும்பம் அந்தப் பங்குக்கு வந்து நாற்பது வருடம்கூட ஆகவில்லை.

பிரசங்கத்தில் ஃபிரெட்ரிக்கின் மனம் நிற்கவில்லை. முந்தின நாள் சாயங்காலத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியார் தீர்த்தம் தெளித்தது நாலு துளி. இந்தக் காலத்துச் சாமியார்கள் அப்படித்தான். ரொசாரியோ வீட்டு வழக்கம் வேறு. ஃபிரெட்ரிக்கின் பூட்டனார் ஞானப்பிரகாசம் இரட்டை மாட்டு வண்டி வாங்கியபோது, மந்திரித்த உப்பைத் தீர்த்தத்தில் கரைத்து நான்கு சக்கரத்துக்கும் ஊற்றினார். அதன் பிறகு அந்த வீட்டுக்கு வந்த எந்த வண்டிக்கும், சைக்கிள் உட்பட, அது தவறியதில்லை. ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் மந்திரித்த உப்பு இதற்கென்றே ஒரு பித்தளை டப்பாவில் இருக்கும்.

சாமியார் கிளம்பினார். நோரா அவரை வழியனுப்பத் தெருமுனை வரை போனாள். பவுல்சாமியும் சோஃபியாவும் உள்ளே கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபிரெட்ரிக் டப்பாவை எடுத்துவந்து, மீந்த தீர்த்தத்தோடு ஒரு வாளித் தண்ணீர் சேர்த்து, உப்பு முழுவதையும் கொட்டிக் கரைத்தார். வாளியைத் தூக்கி வந்தது அசோகன். சொம்பில் மொண்டு ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஊற்றியது ஃபிரெட்ரிக். கம்பிகளுக்கு நடுவில் உள்ளே பளபளத்த வட்டத் தகடு நனைகிற வரைக்கும் ஊற்றினார். முன்னே இரண்டு சொம்பு, பின்னே இரண்டு சொம்பு என்று ஆரம்பித்து, மிச்சம் வைக்கக்கூடாது என்பதால் மீதி எல்லாம் பின்சக்கரங்களுக்கே போயிற்று.

அசோகன் அப்போதே சொன்னான். "சார், ஈரத்தோட பிரேக் போட்டா புடிச்சிக்கும். லைட் ஹவுஸ் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்க்கினு வந்துட்றேன். நாலு வாட்டி அமுக்குனா காஞ்சிடும்."

மந்திரித்த வண்டி முதலில் போவது கோயிலுக்கு, அதுவும் வீட்டு ஆள் ஓட்டி, என்றார் ஃபிரெட்ரிக். அப்படியானால் துணியால் துடைத்துவிடட்டுமா என்று கேட்டான். தீர்த்தத்தைக் கார் துடைக்கிற துணியால் துடைப்பதா என்று அவர் திருப்பிக் கேட்டார். பிரேக் போடாமல் சக்கரத்துக்கு இரண்டு செங்கல் வைக்கலாம் என்றான். வாசல் சரிவு, செங்கல் வைத்து நிறுத்துவதற்கு இது என்ன கட்டை வண்டியா என்றார்.

அசோகன் உள்ளே ஏறிப் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினான். சாவியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"பாப்பாவோட லெட்டர், சார்."

அவனுடைய மகள் தமிழ்நிலா பி.எட். முடித்திருந்தாள். பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஓர் ஆசிரியை இடம் இருந்தது. குடும்பத்தைப் பற்றி ஃபிரெட்ரிக் சார் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று சாமியார் சொல்லியிருந்தார். ஆற்றோரத்துக் குடிசையிலிருந்து பெரும்பாக்கத்து அரசாங்கக் குடியிருப்புக்குத் தூக்கிப் போடப்பட்ட குடும்பம் அது. அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் ஆசிரியை வேலைக்குப் போகப்போகிற முதல் பெண் அவள். ஃபிரெட்ரிக் வெள்ளிக்கிழமையே கடிதத்தை எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார்.

"எழுதியாச்சு. திங்கட்கிழமை அவளையும் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ" என்றார்.

இவ்வளவும் நடந்தபோது வாசலில் வேறு யாரும் இல்லை.

பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். பத்து மணிக்குள் கார் கம்பெனியிலிருந்து கதிரேசன் என்ற மெக்கானிக் வந்திருந்தார். ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைக் கழற்றினார். ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டியதும் உள்ளே ஏதோ விட்டுக்கொடுக்கிற சத்தம் கேட்டது. தகட்டில் செங்கல் நிறத்தில் துரு. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கதிரேசன் அதை விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

அவர் விளக்கியது எல்லாருக்கும் புரிந்தது. மின்சாரக் காரை மோட்டாரே பிடித்து நிறுத்திவிடும், பிரேக்குக்கு வேலை குறைவு. சும்மா கிடக்கிற தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். நனைந்த உடனே பிரேக்கைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டால் பிரேக் கட்டை தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெறும் மழைத் தண்ணீர் என்றால் ஓர் அழுத்தில் விட்டுவிடும். "இது மழைத் தண்ணி இல்ல சார்" என்றார் கதிரேசன். "உப்புத் தண்ணி. பீச்சுல எறக்குனீங்களா?"

பவுல்சாமிதான் முதலில் அசோகன் பக்கம் திரும்பினான்.

"ரெண்டாவது சாவி யார்கிட்ட இருக்கு?"

அசோகனிடம் இருந்தது. பத்தொன்பது வருடமாக அந்த வீட்டுக் கார்களின் இரண்டாவது சாவி அவனிடம்தான் இருந்தது.

"அதான பாத்தேன்" என்றான் பவுல்சாமி. "நாளையிலேருந்து நோராவே ஓட்டப்போறா, இனிமே உன் பவிசு போச்சு. கடைசியா ஒரு தடவ பொண்டாட்டி புள்ளைங்கள ஏத்திக்கிட்டு பெசன்ட் நகர் மணல்ல சவாரி. அப்படித்தானே அசோகா? அலையில நனைச்சியா, இல்ல குளிப்பாட்டியே கூட்டியாந்தியா?"

மந்திரித்த வண்டியை, அதுவும் கோயிலுக்குப் போவதற்கு முன்னாலேயே, என்று சோஃபியா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அசோகன் பவுல்சாமியைப் பார்க்கவே இல்லை. அவன் பார்த்தது ஃபிரெட்ரிக்கை. முகத்தில் பயம்கூட இல்லை. தப்பாகப் போட்ட கணக்கை வாத்தியார் திருத்தப்போகிறார் என்று காத்திருக்கிற பையனுடைய முகம் அது.

"சார் கீறாரு. சார் சொல்லுவாரு" என்றான்.

ஃபிரெட்ரிக் அந்த வெள்ளைப் பூப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மாதா சபைக்குப் போகும், நாளைக் காலையில் டெரன்ஸின் வாய்க்குப் போகும். ரொசாரியோ வீட்டுத் தீர்த்தம் பட்டால் வண்டி ஓடாது என்று பாடகர் குழு சிரிக்கும். பூட்டனார் ஞானப்பிரகாசம் ஊற்றிய உப்பு, தகப்பனார் ஊற்றிய உப்பு, எல்லாம் ஒரு மெக்கானிக்கின் விரல்நுனியில் அழுக்காகிவிடும். நாலு தலைமுறையின் ஆசீர்வாதம் ஒரு பக்கம். ஒரு டிரைவரின் பெயர் ஒரு பக்கம். அவருக்கு நிறுத்துப் பார்க்கக்கூட நேரம் தேவைப்படவில்லை.

"வண்டி இப்ப ஓடுமா?" என்று கதிரேசனைக் கேட்டார்.

ஓடும் என்றார் கதிரேசன்.

அசோகனின் முகத்தில் அந்தக் காத்திருப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவன் குனிந்து, கழற்றி வைத்திருந்த சக்கரத்தைக் கதிரேசனுக்குத் தூக்கிக் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் நோரா கையில் செல்போனோடு அப்பாவின் அறைக்கு வந்தாள். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது அதில் தெரியும்.

"நேத்து நீங்க மாலை போட்டப்ப நாப்பத்தொண்ணு. இன்னிக்கு காலையிலயும் நாப்பத்தொண்ணு. வண்டி கேட்டைத் தாண்டவே இல்லப்பா."

"தெரியும்" என்றார் ஃபிரெட்ரிக்.

"அப்ப உப்பு எங்கேருந்து வந்தது?"

அவர் ஜெபப் புத்தகத்தில் ஒரு பக்கம் திருப்பினார். நோரா சுவரலமாரியைப் பார்த்தாள். அங்கே எப்போதும் மூடியிருக்கிற பித்தளை டப்பா, மூடி வேறு டப்பா வேறாகக் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

"அசோகன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"அவனுக்குத் தெரியும்."

"சோஃபியா அத்தைகிட்ட?"

"நீ ஓட்டறதுக்குத்தானே வாங்கினே" என்றார் ஃபிரெட்ரிக். "ஓட்டு."

நோரா போனை அணைத்துவிட்டு வெளியே போனாள். அதன் பிறகு அதைப் பற்றி யாரிடமும் அவள் பேசவில்லை. அவளும் அந்த வீட்டுப் பெண்தான்.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு அசோகன் மகளோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். மற்ற நாளில் உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, காரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். தமிழ்நிலா கஞ்சி போட்ட நூல் சேலை கட்டி, சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஃபிரெட்ரிக் ஜன்னல் வழியாக இருவரையும் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்துப் படித்தார். அழகான கையெழுத்து. இரண்டாவது வரியில், நேர்மைக்கு நான் உத்தரவாதம் தரக்கூடிய குடும்பம், என்று இருந்தது. ஒரு சொல்லும் பொய்யில்லை.

அதைக் கொடுத்தால் சாமியார் கேட்பார், பீச்சுக்கு வண்டி ஓட்டிப்போனவன் வீட்டுப் பெண்ணுக்கா இந்த உத்தரவாதம் என்று. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். காப்பி அடித்த விடைத்தாளைக் கிழிப்பது போல அதை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கிழித்த பிறகுதான் வாசலுக்குப் போனார். அந்த வரிசை அவருக்கு முக்கியம்.

"லெட்டர், சார்" என்றான் அசோகன்.

"லெட்டர் இல்லை" என்றார் ஃபிரெட்ரிக். அதுவும் பொய்யில்லை.

அசோகன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "வேல வேணா சார். எவன் இன்னா பேசுனாலும் பேசிக்கினு போட்டும். நேத்து அத்தினி பேர் எதிர்ல நான் வாயத் தொறந்தனா, சொல்லுங்க? எனக்கு ஒண்ணும் வேணா. புள்ளைக்கு மட்டும் ரெண்டு வரி."

"சாவி" என்றார் ஃபிரெட்ரிக். கையை நீட்டினார்.

அசோகன் பையிலிருந்து சாவியை எடுத்தான். சட்டை நுனியில் துடைத்தான், பத்தொன்பது வருடத்துப் பழக்கம். கம்பிகளுக்கு நடுவே அவர் உள்ளங்கையில் வைத்தான்.

தமிழ்நிலா ஓர் அடி முன்னால் வந்தாள். "எங்கப்பா பீச்சுக்குப் போனாரா சார்? நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்கள வளர்த்தாரு. நீங்களே சொல்லுங்க. போனாரா?"

ஃபிரெட்ரிக் அவளை நிதானமாகப் பார்த்தார். கெட்டிக்காரப் பெண். நல்ல ஆசிரியையாக வந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது.

"பீச்சுல நான் இல்லையேம்மா" என்றார்.

அவள் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துத் திரும்பினாள். அசோகன் அவள் தோளில் கைவைத்து நாலு எட்டு நடந்தவன் நின்று திரும்பினான்.

"சார், நனைஞ்ச வண்டிக்கு பிரேக் போடாதீங்க. நோராம்மாகிட்டயும் சொல்லிடுங்க. மழ இன்னும் ஒரு மாசம் கீது."

ஃபிரெட்ரிக் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார்.

மூன்றாம் வகுப்பு இடம் டெரன்ஸின் தங்கை மகள் லிசாவுக்குப் போயிற்று. அசோகன் பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். தமிழ்நிலா தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் மூன்றாவது மாடியில் சேலை எடுத்துப் போடுகிறாள். உட்கார நாற்காலி கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நோரா அந்த மாடிக்கே போகும்படி ஆயிற்று. தமிழ்நிலா பதினான்கு சேலைகளைப் பிரித்துக் காட்டினாள், ஒவ்வொன்றுக்கும் விலை சொன்னாள், வேறு எதுவும் சொல்லவில்லை. நோரா எதையும் எடுக்காமல் இறங்கிவிட்டாள்.

அடுத்து வந்த தவக்காலத்தில் ஒரு பேச்சு கிளம்பி இன்றைக்கும் பங்கில் உலவுகிறது. ஃபிரெட்ரிக் சார் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பெரும்பாக்கத்துக்குப் போனாராம். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில், இந்த வயதில், எட்டு மாடியும் ஏறினாராம். அசோகன் வீட்டு வாசலில் நின்று, வேலையை விட்டு அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டாராம். பெரிய மனிதர் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று சோஃபியாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள். வெள்ளைக் கார் அன்று அந்தக் கட்டடத்துக்கு எதிரில் நின்றதைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

கார் நின்றது உண்மை. அதில் இருந்தது நோரா, தனியாக. கட்டடத்துக்கு எதிரில் வண்டிக்குச் சார்ஜ் போடுகிற இடம் ஒன்று உண்டு. நாற்பது நிமிடம் போட்டுக்கொண்டு, காரை விட்டு இறங்காமல், ஆபீசுக்குப் போய்விட்டாள். ஃபிரெட்ரிக் அன்று வீட்டில் இருந்தார். பெரும்பாக்கத்துக்கு அவர் போனதில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.